நாவல் கிளையும் இரும்புக் கோலும்

சென்னையில் நான் தத்துவம் எம்.ஏ. படித்த கல்லூரியில் ஆண்டுக்கு இரண்டு மூன்று அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் நடக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பேச்சாளரின் பட்டங்களையும் நூல்களையும் ஒப்பிக்கும் அறிமுகவுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து பேச்சாளர் மைக்கைத் தொடும்போது மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். சங்கரரையும் கான்ட்டையும் ஒரே மூச்சில் கடந்து அவர் உட்காரும்போது சாப்பாட்டு நேரம். ‘நேரமின்மை காரணமாகக் கேள்விகளைத் தவிர்க்கிறோம்’ என்று நன்றியுரை சொல்பவர் அறிவிப்பார். அரங்கம் முழுக்க ஒரு நிம்மதி பரவும். விருந்தாளியைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்பது யாரும் சொல்லித் தராமலே எங்களுக்குள் படிந்திருந்த பாடம். கேட்டே தீர வேண்டிய நிலை வந்தால், ‘ஐயாவின் உரை மிக அருமை, அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் சற்று விளக்கினால் நன்றாக இருக்கும்’ என்போம். அதையும் இன்னொரு பொன்னாடை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பழக்கத்தோடு 1990களின் நடுவில் ஓர் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்கு எம்.ஃபில். படிக்கப் போனேன். அங்கே தத்துவத்துக்கு ஒரு சங்கம் இருந்தது. மாரல் சயன்சஸ் கிளப் என்று பெயர். 1878இல் தொடங்கியது. தத்துவப் படிப்புக்கே அங்கே ஒரு காலத்தில் அந்தப் பெயர்தான். படிப்பு பெயரை மாற்றிக்கொண்ட பிறகும் சங்கம் பழைய பெயரை விடவில்லை. அங்கே ஒரு பருவம் என்பது எட்டு வாரம். பருவம் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு ஒரு கூட்டம். பேசுகிறவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். ஆக்ஸ்ஃபர்டிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருவார். சில வாரம் அமெரிக்காவிலிருந்தும் ஆள் வரும்.

நான் போன முதல் கூட்டம் ஒரு கல்லூரியின் மாடியில், நீளமான ஓர் அறையில் நடந்தது. மேடை இல்லை, மைக் இல்லை, பேனர் இல்லை. முதல் வரிசை பெரியவர்களுக்கு என்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. நான் படித்த நூலை எழுதியவர் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் ஒரு மாணவர். பேச்சாளரின் பெயர், அவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம், அன்றைய தலைப்பு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சாளருக்காக என் மனம் சங்கடப்பட்டது. இவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருக்கிற மனுஷர்! அவர் எழுதிய புத்தகங்களின் பெயரையாவது சொல்லியிருக்கலாமே!

அவர் ஒற்றைத்தாள் ஒன்றை வரிசையாகக் கைமாற்றிவிட்டார். அவருடைய வாதம் அதில் படிப்படியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் எண் போடப்பட்டிருந்தது. குறிப்பெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று கொடுக்கிறார் என நினைத்தேன். எந்த இடத்தில் தாக்கலாம் என்பதை எதிராளிக்கு அவரே எண் போட்டுக் காட்டியிருக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது.

அன்றைய பொருள் குவியல் புதிர். கிரேக்கர் காலத்துப் பழசு. அதை எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் களத்துமேட்டில் வைத்துச் சொல்கிறேன். ஓர் அம்பாரம் நெல் இருக்கிறது. ஒரே ஒரு மணியை எடுத்தால் அது அம்பாரம்தான். இன்னொரு மணியை எடுத்தாலும் அப்படியே. ஒற்றை மணியின் குறைவால் எந்த அம்பாரமும் அம்பாரமில்லாமல் போய்விடாது என்று ஒப்புக்கொண்டால், எடுத்துக்கொண்டே போய்க் கடைசியில் தரையில் ஒரு நெல் மட்டும் கிடக்கும்போதும் அதை அம்பாரம் என்று சொல்ல வேண்டிவரும். எங்கே பிசகு? வந்தவரின் விடை துணிச்சலானது. ஏதோ ஒரு குறிப்பிட்ட மணியோடு அம்பாரம் முடிந்துவிடுகிறது, எல்லை துல்லியமாகவே இருக்கிறது, அது எந்த மணி என்று அறியத்தான் நமக்கு வழியில்லை என்பது அவர் கட்சி. டிமத்தி வில்லியம்சன் 1994இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு இந்தக் கட்சி அந்த வட்டாரத்தில் பலமாக அடிபட்டுக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் பேசினார். கை தட்டினார்கள். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒருவரும் எழவில்லை. கூட்டம் என்பது இனிமேல்தான் என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதலில் கேட்டவன் இளங்கலை மாணவன். “சொல்லுக்குப் பொருள் நம் புழக்கத்திலிருந்து வருகிறது. நாம் யாரும் போடாத எல்லையை, நமக்குத் தெரியவே வராத எல்லையை, நம் புழக்கம் எப்படிப் போட்டிருக்க முடியும்?” வணக்கம் இல்லை, பாராட்டு இல்லை. பேச்சாளர் சிரித்தார். லட்சக்கணக்கானவர்களின் பேச்சு சேர்ந்து ஒரு சொல்லின் பொருளை அமைக்கிறது. அந்தக் கணக்கை யாராலும் போட்டு முடிக்க இயலாது என்பதால் கணக்குக்கு விடையே இல்லை என்று ஆகிவிடாது என்றார். மாணவன் விடவில்லை. விடை இருக்கிறது என்று நம்ப உங்களுக்கு என்ன காரணம் என்று திருப்பிக் கேட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒரு முதியவர் வாய் திறந்தார். அவர் தூங்குகிறார் என்றே நான் நினைத்திருந்தேன். “மூன்றாம் படிக்குப் போகலாமா?” என்றார். அந்தப் படியில் இரண்டு வெவ்வேறு கூற்றுகள் ஒரே வாக்கியமாகக் கட்டப்பட்டிருப்பதையும், வாதத்துக்குத் தேவைப்படுவது ஒன்று, காரணம் காட்டியிருப்பது மற்றொன்றுக்கு என்பதையும் பிரித்துக் காட்டினார். பேச்சாளர் தாளைப் பார்த்தபடி நின்றார். உதவிக்கு யாரும் வரவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பிறகு, “நீங்கள் சொல்வது சரி. இந்தப் படிக்கு வேறு காரணம் வேண்டும். இப்போது என் கையில் இல்லை” என்றார். சொல்லிவிட்டுத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். எங்கள் ஊரில் அந்த நிமிடத்தை அவமானம் என்று எண்ணியிருப்போம். அவர் முகத்திலோ வந்த வேலை முடிந்தது என்கிற தெளிவு இருந்தது. புத்தகப் பெயர்களை அடுக்கியிருந்தாலும் அந்த முதியவரின் ஐந்து நிமிடக் கவனத்துக்கு ஈடான மரியாதையாக அது ஆகியிருக்காது என்று அறைக்கு நடந்து போகும்போது நினைத்துக்கொண்டேன்.

இந்தக் காரசாரம் சண்டையாக மாறாமல் இருந்ததற்குத் தலைவர் கையில் இருந்த துண்டுச் சீட்டு ஒரு காரணம். கையைத் தூக்கினால் புதுக் கேள்வி. பெயர் பட்டியலின் கடைசியில் ஏறும். ஒற்றை விரலைத் தூக்கினால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அர்த்தம். அவருக்கு உடனே வாய்ப்பு. ஆங்கிலம் பேசும் நாடுகளின் தத்துவக் கூடங்கள் பலவற்றில் இருக்கும் வழக்கம் இது. விரலைக் காட்டிவிட்டுப் புதுக் கேள்வியை நுழைக்கப் பார்ப்பவரைத் தலைவர் பாதி வாக்கியத்திலேயே பிடித்துவிடுவார். உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் என்றாலும் சீட்டில் ஏழாவது பெயர் என்றால் ஏழாவதுதான். ஆறாவது பெயர் போன மாதம் சேர்ந்த மாணவியுடையதாக இருக்கலாம்.

அந்தச் சங்கத்தின் கதையைப் பிறகு படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. பெரிய தத்துவங்கள் பிறந்த இடம் என்று அதைச் சொல்வார்கள். அது பொய்யில்லை, ஜி. ஈ. மூர் 1898இல் அங்கே வாசித்த கட்டுரை பின்னால் ஒரு புதிய போக்குக்கே தொடக்கமாயிற்று. ஆனால் அதன் குறிப்பேடுகளை ஒட்டி எழுந்த கதைகளில் பாதிக்கு மேல், யார் எவ்வளவு நேரம் பேசலாம் என்று முடிவு செய்யப் பட்ட பாட்டைப் பற்றியவை.

1912 நவம்பரில் ஒரு கூட்டம். 23 வயது லுட்விக் விட்கன்ஸ்டைன், ட்ரினிட்டி கல்லூரியில் தன்னுடைய அறையிலேயே, தத்துவம் என்றால் என்ன என்ற தலைப்பில் கட்டுரை வாசித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் நான்கு நிமிடம். அதற்கு முந்தைய சாதனையை இவர் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் முறியடித்தார் என்று செயலாளர் குறும்பாகப் பதிந்து வைத்திருக்கிறார். ஏழு நிமிடத்துக்கு மேல் கட்டுரை வாசிக்கக் கூடாது என்ற விதியும், விவாதத்தை வழிநடத்த நிரந்தரமாக ஒரு தலைவர் வேண்டும் என்ற ஏற்பாடும் அந்தக் காலத்தில் வந்தவையே. இரண்டிலும் விட்கன்ஸ்டைனின் தூண்டுதல் இருந்தது. தலைவராக மூர் வந்தார். 1944 வரை அந்தப் பொறுப்பு அவரிடம் இருந்தது. நீங்கள் சொல்ல வருவது சரியாக என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்பதில் பேர்போனவர் அவர். அந்த வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

பேச்சைச் சுருக்கி விவாதத்தை நீட்டச் சொன்ன அதே மனிதர், 1929இல் கேம்பிரிட்ஜ் திரும்பிய பிறகு அந்த விவாதத்தைத் தானே விழுங்க ஆரம்பித்தார். மற்றவர்களைப் பேச விடுவதில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. 1930களில் சில காலம் கூட்டங்களிலிருந்து ஒதுங்கி இருந்தார். சி. டி. பிராட் போன்ற மூத்த பேராசிரியர் ஒருவர் கூட்டத்துக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

உலகம் அறிந்த கதை 1946 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை இரவு நடந்தது. இடம் கிங்ஸ் கல்லூரியின் கிப்ஸ் கட்டடத்தில் எச் 3 என்ற அறை. சங்கத்தின் தலைவர் அப்போது விட்கன்ஸ்டைன். விருந்தினர் கார்ல் பாப்பர். நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகாதவர். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இருந்தார். ஏதாவது தத்துவப் புதிர் ஒன்றைப் பற்றிச் சுருக்கமாகப் பேசுங்கள் என்று செயலாளர் அழைப்பு அனுப்பியிருந்தார். பாப்பர் அந்த அழைப்பையே பிடித்துக்கொண்டார். தத்துவத்தில் இருப்பவை மொழியின் குழப்பத்தால் தோன்றும் வெறும் புதிர்களா, மெய்யான பிரச்சினைகளா என்பதே அவர் எடுத்த பொருள். தலைவரின் வாழ்நாள் நிலைப்பாட்டுக்கு நேர் எதிரான பேச்சு. விட்கன்ஸ்டைன் குறுக்கிட்டார். பேசும்போது கணப்படுப்பைக் கிளறும் இரும்புக் கோல் அவர் கையில் இருந்தது. பிறகு வெளியேறினார். இவ்வளவு வரைக்கும் பெரிய சச்சரவு இல்லை.

மீதிக்குத்தான் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. பாப்பர் 1974இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியபடி, ஒழுக்க விதி ஒன்றுக்கு உதாரணம் சொல்லும்படி விட்கன்ஸ்டைன் கோலை ஆட்டிக்கொண்டு கேட்டாராம். பேச வந்த விருந்தினரை இரும்புக் கோலால் மிரட்டாமலிருப்பது என்று இவர் சொன்னாராம். அவர் கோலை எறிந்துவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாராம். அந்த அறையில் இருந்த பீட்டர் கீச் இதைத் திட்டவட்டமாக மறுத்தார். விட்கன்ஸ்டைன் போன பிறகே அந்தப் பதில் சொல்லப்பட்டது என்று சொன்னவர்களும் உண்டு. 2001இல் டேவிட் எட்மண்ட்ஸும் ஜான் ஐடினோவும் இதை வைத்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். செயலாளரின் குறிப்பேட்டிலோ, வாக்குவாதம் வழக்கத்துக்கு மீறிச் சூடாக இருந்தது என்கிற அளவில் ஒரு வரி இருக்கிறது. கோலைப் பற்றிப் பேச்சில்லை.

கிங்ஸ் கல்லூரிக்குப் போகும் சுற்றுலாக்காரர்கள் தேவாலயத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் அந்த எச் 3 அறைக்கு ஏறும் படிக்கட்டைத் தேடிப் போனேன். பார்க்க ஒன்றுமில்லை, வெள்ளைக் கல் கட்டடம், எச் என்று ஓர் எழுத்து. அங்கே நிற்கையில்தான் ஒன்று உறைத்தது. பாப்பர் அன்று என்ன வாதங்களை வைத்தார், அவற்றில் எது நின்றது, எது விழுந்தது என்று இன்று யாரும் கேட்பதில்லை. தத்துவத்துக்கு மெய்யான பிரச்சினை உண்டா என்பது நல்ல கேள்வி. தீராத கேள்வியும்கூட. வல்லவர்கள் மூவர் ஒரே அறையில் இருந்த ஒரு மாலையில் அந்தக் கேள்வி தொலைந்து போய்க் கோல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பேச்சை ஒழுங்குபடுத்த வேண்டிய தலைவரே தரப்பாளராகிவிட்டால் இப்படித்தான் முடியும். துண்டுச் சீட்டின் அருமை எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் முழுதாகப் புரிந்தது.

இந்த வாது நம் ஊருக்கு அந்நியம் என்றும் சொல்வதற்கில்லை. பட்டினப்பாலை காட்டும் புகாரில், வாதுக்கு அழைத்து ஆசிரியர்கள் உயர்த்திய கொடிகள் கடைத்தெருக் கொடிகளோடு கொடியாகப் பறக்கின்றன. குண்டலகேசி போகும் ஊரிலெல்லாம் நாவல் கிளையை நட்டு, என்னோடு வாதிட வருகிறவர் வரலாம் என்று அறைகூவியவள். அவளுக்கு மறுப்பாக எழுந்த நீலகேசியில் வாதத்துக்குப் புறப்படுகிறவளும் பெண்தான். புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொரு கூடாரமாகப் போய் மோதுகிறாள். 1936இல் அந்தக் காப்பியத்தைப் பதிப்பித்த அ. சக்கரவர்த்தி நயினாரும் தத்துவப் பேராசிரியரே. மணிமேகலையின் 27ஆம் காதை முழுக்க வஞ்சி நகரில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையைச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே போவதுதான்; நான் அறிந்தவற்றில் வருகைப் பேச்சாளர் வரிசைக்கு நேர்மாறான வடிவம் அது. கேட்பவள் நடந்துபோகிறாள், பேச்சாளர்கள் இருந்த இடத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் அவள் அங்கே மணிமேகலையாகப் போகவில்லை. இளம்பெண் என்றால் யாரும் உனக்குப் பொருள் உரைக்க மாட்டார்கள், வேற்றுருக் கொள் என்று தெய்வம் சொல்லியிருக்கிறது. தவமுனிவன் ஒருவன் வடிவத்தில் போய்த்தான் கேட்கிறாள். தத்துவத் துறைகளில் அன்று எங்குமே பெண்கள் குறைவு. என்னைச் சுற்றியும் அப்படித்தான். கர்ட்டன் கல்லூரியில் தர்க்கம் கற்பித்து, பிற்பாடு அதன் முதல்வரான கான்ஸ்டன்ஸ் ஜோன்ஸ் 1899இல் இந்தச் சங்கத்தில் கட்டுரை வாசித்திருக்கிறார் என்று படித்தபோது வியப்பாக இருந்தது. வேற்றுருக் கொள்ளாமல் தன் பெயரிலேயே வாசித்தார். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தர முடிவெடுத்து 1948இல் தொடங்க அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு பிடித்தது.

நான் முதலில் விரலைத் தூக்கியது இரண்டாம் பருவத்தில். பிறர் சொல்லக் கேட்டு அறிவது எப்படி அறிவாகிறது என்பது அன்றைய பொருள். ஒருவர் சொல்வதை நான் நம்புவதற்குக் காரணம், இப்படிப்பட்டவர் சொன்னது இதுவரை சரியாக இருந்திருக்கிறது என்கிற அனுபவம். ஆகவே உரையால் வரும் அறிவு கடைசியில் அனுமானத்தின் ஒரு வகையே என்றார் பேச்சாளர். ஹியூமிலிருந்து வரும் வழி. சொல்லை அனுமானத்தில் அடக்கலாமா, தனி அளவையாகவே கொள்ள வேண்டுமா என்பது வைசேடிகருக்கும் நையாயிகருக்கும் இடையே நூற்றாண்டுக் கணக்கில் ஓடிய வழக்கு. எம்.ஏ.யில் மனப்பாடம் செய்த பாடம் எனக்கு அங்கே உயிரோடு எதிரில் வந்து நின்றது.

இந்தியத் தத்துவத்தில் இதைப் பற்றி என்று தொடங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்படித் தொடங்கினால் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்பார்கள், கேட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். வாதத்தை மட்டும் வைத்தேன். “குழந்தை யாரை நம்பலாம் என்று அனுமானித்துப் பார்க்கச் சொற்கள் வேண்டும். அந்தச் சொற்களையே அது பிறர் சொல்லித்தான் கற்கிறது. நம்பிய பிறகுதான் நம்பலாமா என்று சோதிக்கவே முடிகிறது. அப்படியானால் எது எதற்கு அடிப்படை?” பேச்சாளர் பதில் சொன்னார். அந்தப் பதிலைத் தொட்டு இன்னொரு விரல் எழுந்தது, பிறகு இன்னொன்று. கால் மணி நேரம் அறை அதிலேயே நின்றது. ஊர், பெயர், புடவை எதையும் பற்றி அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு நினைவே இல்லை.

இரவு சாப்பாட்டு மேஜையில் பேச்சாளர் என்னிடம் இந்த வழியில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார். அப்போதுதான் நையாயிகர்களைப் பற்றிச் சொன்னேன். பிமல் கிருஷ்ண மத்திலாலும் அரிந்தம் சக்ரவர்த்தியும் தொகுத்து 1994இல் வந்திருந்த ‘நோயிங் ஃப்ரம் வேர்ட்ஸ்’ நூலின் பெயரைக் கைக்குட்டைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். வாதம் முதலில், வம்சாவளி பிறகு. அந்த வரிசையை அந்த மேஜையில் கற்றுக்கொண்டேன்.

எனக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பின்னாளில் தார்வாடில் கற்பித்த கே. ஜே. ஷா, 1946-47இல் விட்கன்ஸ்டைன் வகுப்பில் எடுத்த குறிப்புகள் 1988இல் நூலாகவே வந்தன. கீச்சின் குறிப்புகளும் அதே நூலில் உள்ளன. இலங்கையின் கே. என். ஜயதிலகவும் அந்த ஆண்டுகளில் அந்த வகுப்புகளில் இருந்தவர். ஊர் திரும்பி, ஆதி பௌத்தம் அறிவை எப்படிக் கண்டது என்று ஆராய்ந்து 1963இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அவர் கொண்டுபோனது விட்கன்ஸ்டைனின் கோட்பாட்டை என்பதைவிட, ஒரு கூற்றை அவிழ்த்துப் பார்க்கும் பழக்கத்தை என்றே அந்த நூலைப் படிக்கையில் எனக்குத் தோன்றும்.

நானும் திரும்பி வந்தேன். காவிரிக்கரை ஊர் ஒன்றில், ஒரு கல்லூரியில் வேலை. தத்துவத்தைப் பாடமாக எடுத்தவர்கள் சிலரே. மற்றத் துறைப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு மன்றம் தொடங்கினேன். கேம்பிரிட்ஜை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். அங்கே எதிர்த்துக் கேட்பவனை யாரும் திமிர் பிடித்தவன் என்பதில்லை. இங்கே எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பெரிய மனிதர் ஒருவரை எல்லோர் முன்னாலும் ‘நீங்கள் சொல்வது பொருந்தவில்லை’ என்று சொல்வதற்கு அவர்கள் தாண்டிவர வேண்டிய வேலிகள் வேறு. தெருப் பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடுகிற ஊரில் எழுந்து நின்று பெயர் சொல்லிக் கேள்வி கேள் என்பது சின்ன விஷயமில்லை.

அதனால் முதலில் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேள்வியை எழுதித் தரச் சொன்னேன். அடுத்த ஆண்டு கைகள் தாமாகவே மேலே வந்தன. நாற்பது நிமிடம் பேச்சு, ஒரு மணி நேரம் கேள்வி. முதல் இரண்டு கேள்விகள் மாணவர்களுக்கே. ஆசிரியர்கள் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். பொன்னாடை உண்டு, ஆனால் கேள்விகள் முடிந்த பிறகு. குறிப்பேட்டில் ‘பாக்கி’ என்று ஒரு பத்தி போட்டோம். பேச்சாளரால் அன்று பதில் சொல்ல முடியாத கேள்விகள் அதில் ஏறும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சைவ சித்தாந்தப் பேராசிரியர் ஒருவர் ஒருமுறை வினைப்பயனைப் பற்றிப் பேச வந்தார். வேதியியல் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சார், போன பிறவியில நான் செஞ்சது எனக்கு ஞாபகமே இல்லையே. அப்புறம் தண்டனை அனுபவிக்கிறது அதே ஆள்தான்னு எப்படிச் சொல்றது?”

“ஞாபகம் போனாலும் உயிர் அதேதாம்மா.”

“உடம்பு வேற, ஊர் வேற, பேர் வேற, ஞாபகமும் இல்ல. அதே உயிர்னு யாருக்கு சார் தெரியும்?”

“இறைவனுக்குத் தெரியும்.”

“தண்டனை எனக்குத்தானே சார்? எதுக்குன்னு எனக்குத் தெரியாம அது எப்படித் தண்டனை ஆகும்?”

பின்வரிசையில் யாரோ ‘உஷ்’ என்றார்கள். பெரியவர் அந்தப் பக்கம் கையை நீட்டி அடக்கினார். “அருணந்தி சிவம் இருந்திருந்தா உன்னைப் பரபக்கத்துல சேர்த்திருப்பாரும்மா. அதுல இடம் கிடைக்கிறது லேசில்ல” என்று சிரித்தார். எதிர்க் கட்சியை முதலில் பரபக்கத்தில் முழுசாகச் சொல்லிவிட்டுப் பிறகே தன் கட்சியைச் சொல்லும் அருணந்தியின் சிவஞான சித்தியாரில் ஊறியவர் அவர். மேலை நாட்டில் ஜான் லாக் எழுப்பிய ஆட்சேபத்தை அந்தப் பெண் எந்தப் புத்தகமும் படிக்காமல் தானாகத் தொட்டிருந்தாள். அது பாக்கியில் ஏறியது. சில வாரங்கள் கழித்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது, பக்கம் பக்கமாக. தண்டனை என்ற நோக்கையே விட்டு, வினையை உயிர் பக்குவப்படும் வழியாகப் பார்த்தால் ஞாபகம் ஏன் தேவையில்லை என்று விளக்கியிருந்தார். இது உனக்குப் போதாது என்று எனக்குத் தெரியும், அடுத்த ஆட்சேபத்தை எழுது என்று முடித்திருந்தார். அவள் எழுதினாள்.

மன்றத்தில் எனக்கு இருந்த ஒரே நிர்வாகத் தொல்லை, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்பு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஜியோ டேக் போட்ட படம் வேண்டும், வருகைப் பதிவு வேண்டும், பயன் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். பொன்னாடைக்குப் படம் எடுக்கலாம், கேள்விக்கு என்ன படம் எடுப்பது? சித்தாந்தப் பேராசிரியர் வந்துபோன கூட்டத்துக்கு நான் அந்தக் கட்டத்தில், ‘பதில் கிடைக்காத கேள்விகள்: மூன்று’ என்று எழுதி முதல்வரிடம் கொண்டுபோனேன்.

“என்ன மேடம் இது, குழு வந்து பார்த்தா நாம என்ன சொல்றது?” என்றவர் அதை அடித்துவிட்டு, ‘மாணவர்கள் பெரிதும் பயனடைந்தனர்’ என்று தன் கையாலேயே எழுதினார். இரண்டும் ஒன்றுதான் சார் என்று வாதாட வாய் வரை வந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த பேச்சாளருக்கு பஸ் செலவு பாஸாகும். கோப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.